கார்டுக்குள் மாட்டிக்கொண்ட முந்நூற்று நாற்பத்தொரு பேர்

புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சம்பழம் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற ஓர் ஆவணி மாதத்தில், இந்துமதிக்கும் அருணகிரிக்கும் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், காலை பத்தே காலுக்கு, பூங்கனி தன் ஸ்டுடியோக் கம்ப்யூட்டரில் செருகியிருந்த மெமரி கார்டை, படங்கள் காப்பி ஆகி முடியும் முன்பே, பச்சை விளக்கு இன்னும் மினுக் மினுக்கென்று துடித்துக்கொண்டிருக்கும்போதே, வெடுக்கென்று உருவினாள். மறுபடி செருகியபோது 'கார்டு அடையாளம் காணப்படவில்லை' என்று கம்ப்யூட்டர் நல்ல தமிழில் சொன்னது. அதே பத்தே காலுக்கு ஊருக்குள் முந்நூற்று நாற்பத்தொரு பேரை யாருக்கும் அடையாளம் தெரியாமல் போயிற்று.

விளக்கு அணையும்வரை பொறுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பூங்கனியோடு கூடப் பிறந்தவை இரண்டு: ஒன்று அவசரம், இன்னொன்று முப்பிடாதி. அவசரம் அவளை ஒரு நாளும் பிரிந்ததில்லை. அக்கா முப்பிடாதிதான், நாலு தெரு தள்ளி இருந்துகொண்டே, ஆறு வருஷமாக அவளோடு பேசவில்லை. அக்கா புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, விடியற்காலையிலிருந்து மத்தியானம்வரை வந்தவர் போனவரையெல்லாம் நிற்கவைத்துப் படமெடுத்த பூங்கனியை, கடைசியில் குடும்பப் படம் எடுக்கும்போது, "நீயும் வந்து நில்லு" என்று ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் படத்தை எடுத்தாள், கேமராவைப் பைக்குள் வைத்தாள், கை நனைக்காமல் வெளியேறினாள். பால் காய்ச்சிய வீட்டில் கூடப் பிறந்தவள் ஒரு வாய் சாப்பிடாமல் போனால் அந்த வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும்? இவளுக்கு அவள் கூப்பிடாதது பெரிது, அவளுக்கு இவள் சாப்பிடாதது பெரிது, ஆறு வருஷமும் இப்படியே ஓடிப்போயிற்று.

இந்துமதி கல்யாணத்துக்கு முப்பிடாதி வந்திருந்தாள், பெண் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. இரண்டு நாளும் அக்கா பட்டுச்சேலையைச் சரசரக்கவிட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள், தங்கை கேமராவோடு இங்கும் அங்கும் நடந்தாள், முகம் கொடுத்து ஒரு வார்த்தை இல்லை.

அடையாளம் தெரியாமல் போனது எப்படி என்றால், முகம் மட்டும்தான் போனது. அவரவர் பேர் அவரவருக்குத் தெரிந்தது, வீடு தெரிந்தது, தொழில் தெரிந்தது. எதிரில் நிற்கிறவர் யார் என்பதுதான் தெரியவில்லை, எதிரில் நிற்கிறவருக்கும் இவர் யார் என்று தெரியவில்லை. சந்தையிலிருந்து சாப்பிட வந்த புருஷனை வாசலிலேயே நிறுத்தி, "யாருங்க வேணும்? வீட்டுல ஆம்பிள யாரும் இல்ல, சாயந்தரம் வாங்க" என்று ஒரு பெண்சாதி சொல்ல, அந்த மனிதர், "இல்லம்மா, இது என் வீடு மாதிரித் தெரிஞ்சுது, அதான் வந்துட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தன் வீட்டுத் தெருமுனையிலேயே சாயந்தரம்வரை நின்றார். நான்தான் உன் மச்சான் என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் மரியாதைக்கு நம்பிக்கொண்டார், மறுநாள் காலையில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவு அமளியிலும் மணமக்கள் இருவருக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அவர்களுக்கு ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரியாது.

ஸ்டுடியோவுக்கு எதிர்க்கடை டீ மாஸ்டர் பரமசிவன்தான் முதலில் விஷயத்தைப் பிடித்தான். ரொம்ப நாளாக வருகிற வாடிக்கைக்காரர்கள் புதுமுகமாக வந்து நின்றபோது, ஒவ்வொருவரிடமும் இந்த நாலைந்து நாளில் எங்கே போனீர்கள் என்று விசாரித்து, எல்லாரும் இந்துமதி கல்யாணத்துக்குப் போனவர்கள் என்றும், அதிலும் எந்தப் படத்திலும் விழாமல் சாப்பிட்டுவிட்டு நேரே பஸ் ஏறியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும், ஆக வினை முழுவதும் பூங்கனியின் கார்டுக்குள் இருக்கிறது என்றும், அரை நாளில் கணக்காகச் சொல்லிவிட்டான். ஊர் அதை அப்படியா என்று கேட்டுக்கொண்டது. ஒரு கார்டுக்குள் இவ்வளவு பேர் எப்படி அடைந்து கிடப்பார்கள், காற்றோட்டம் இருக்குமா என்பதுதான் சிலருடைய கவலையாக இருந்தது.

அவர்களை அடையாளம் தெரிந்தவள் ஊரிலேயே ஒருத்திதான், அது கேமராக் கண் வழியாக அத்தனை பேரையும் பார்த்திருந்த பூங்கனி. படம் எடுக்கிறவள் படத்தில் இருப்பதில்லையே, அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகையால் ஸ்டுடியோ வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. "தாயி, இந்த அம்மா எனக்கு என்ன வேணும்?" "அவிய உங்க சின்ன மாமியார்." "அப்ப நா எந்திரிச்சு நிக்கணுமா?" "நின்னுதான் ஆகணும்." இப்படியே நாள் முழுக்க. பூங்கனிக்குத் தலை கால் புரியவில்லை. ஆறு வருஷமாக எல்லார் வீட்டு விசேஷத்திலும், "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, மறைக்குது" என்று கேட்டே பழகியவள் அவள்; இப்போது அவள் சொன்னால்தான் மாமன் மாமன், அவள் சொன்னால்தான் மருமகன் மருமகன்.

கார்டை உயிர்ப்பிக்க அவளும் சும்மா இருக்கவில்லை. எடுத்து மறுபடி செருகினாள், திருப்பிச் செருகினாள், கார்டின் விலாவில் இருக்கும் குட்டிப் பூட்டை மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள், பித்தளை நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் பூப்போலத் துடைத்தாள், வேறு ரீடரில் போட்டாள், வேறு கம்ப்யூட்டரில் போட்டாள், எடுத்த கேமராவிலேயே போட்டாள். ஊரும் தன் பங்குக்கு உதவியது. தண்ணீரில் விழுந்த போனுக்கு அரிசிப் பானைதான் மருந்து என்று ஒருவர் சொல்ல, கார்டு ஓர் இரவும் ஒரு பகலும் அரிசியில் கிடந்தது. கண்ணேறு என்று ஒருவர் சொல்ல, புளியங்குடியில் எலுமிச்சைக்கா பஞ்சம், கார்டைச் சுற்றி நூற்றெட்டு பழம் நசுக்கி ஸ்டுடியோவே ஊறுகாய் வாசம் அடித்தது. கம்ப்யூட்டர் அசையவில்லை. 'ஃபார்மேட் செய்யவா?' என்று மட்டும், பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றவா என்று கேட்கிற பதவிசோடு, திரும்பத் திரும்பக் கேட்டது. செய் என்று ஒரு தட்டுத் தட்டினால் அவ்வளவு பேரும் துடைத்த பலகை, காலத்துக்கும் யாருக்கும் யாரும் இல்லை.

இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு முப்பிடாதி வந்தாள்.

வாசலில் நிழல் விழுந்ததும் பூங்கனி நிமிர்ந்தாள். அக்கா கையில் ஒற்றைக் காகிதத்தை வைத்துக்கொண்டு, கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் பார்ப்பதுபோல் சுவரில் மாட்டியிருந்த படங்களையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஜெராக்ஸ் எடுக்கணுமே, ஒரே ஒரு காப்பி" என்றாள்.

தங்கச்சி என்கிற வார்த்தை நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தபிறகுதான் பூங்கனிக்கு விஷயம் உறைத்தது. அக்காவும் கார்டுக்குள் இருக்கிறாள். அக்காவுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரியை யாரும் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டிருக்கிறாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியையும் அப்படித்தானே கூப்பிடுவார்கள். அப்படியானால் இவளும், யாரையும் கூப்பிடுவதுபோல், கூச்சமில்லாமல் கூப்பிடலாம்.

"வாங்கக்கா, உக்காருங்க" என்றாள் பூங்கனி. ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது நாக்கு தித்தித்தது.

அது கரண்ட் பில். காப்பி எடுக்க ஒரு நிமிஷம் போதும், ஆனால் அக்கா ஒரு மணி நேரம் இருந்தாள். எதிர்க்கடையிலிருந்து, "முப்பிடாதியக்காவுக்குச் சீனி கம்மியா" என்று பரமசிவன் தானாகவே டீ கொடுத்தனுப்பினான். மறுநாளும் பதினோரு மணிக்கு அதே கரண்ட் பில்லோடு அவள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். ஒரே பில்லை எதற்குத் தினமும் ஜெராக்ஸ் எடுக்கிறாள் என்று பூங்கனி கேட்கவில்லை. யாரென்று தெரியாதவளிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதையில்லை.

மூன்றாம் நாள் சாயந்தரம் தென்காசியிலிருந்து கம்ப்யூட்டர் படித்த ஒரு மனிதர் வந்து, கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "படமெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு, புதுசா எதையும் இதுல எழுதிராதிய" என்று சொல்லி, மீட்டெடுக்கும் ஒரு புரோகிராமைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். "ஓட விட்டா ஆறேழு மணி நேரத்துல ஒவ்வொண்ணா வந்துரும்." பூங்கனி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்து, பென் டிரைவை மேஜை டிராயரின் அடியில், பழைய பிலிம் சுருள்களுக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். காரணம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கார்டு சரியானால் அக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பதினோரு மணிக்கு யார் வருவார்கள்? ஊரார் கேட்டபோதெல்லாம், "பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

ஊரும் அவளை ரொம்ப நெருக்கவில்லை, ஏனென்றால் ஊருக்கு அது பிடித்துவிட்டது. காலையில் எழுந்ததும் வீட்டுக்கு வீடு கைகூப்பிப் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது வழக்கமாயிற்று. மாமியாரும் மருமகளும் விருந்தாளிகளைப்போல ஒருவருக்கொருவர் முதல் தோசையைத் தள்ளிவிட்டார்கள். பதினேழு வருஷமாக ஒருவர் ஏலம் கேட்டால் இன்னொருவர் காறித் துப்பிய எலுமிச்சை வியாபாரிகள் வேலாண்டியும் கோமதிநாயகமும், "உங்களைப் பாத்தா நல்ல மனுசனாத் தெரியுது, இத்தனை நாள் எங்க இருந்திய?" என்று தோளில் கைபோட்டு டீ குடித்தார்கள். ஓட்டுக் கேட்கப் போன வார்டு மெம்பரை எல்லாரும் புது ஆள் என்று நம்பினார்கள், அவரும் சந்தோஷமாகப் பழைய வாக்குறுதிகளையே புதிதாகக் கொடுத்தார். இந்துமதியும் அருணகிரியும் தினமும் காலையில், "உங்க பேரு?" "உங்க பேரு?" என்று ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் வெட்கப்பட்டு, சாயந்தரத்துக்குள் காதலித்து, மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க, தெருவுக்கே வாயெல்லாம் பல்லாக இருந்தது. இதைப் பார்த்து, ஃபார்மேட் பண்ணிவிட்டால்தான் என்ன என்று ஒரு கட்சியே கிளம்பி, ஸ்டுடியோ வாசலில் வந்து கைதட்டிக் கேட்டுவிட்டுப் போனது.

ஐந்தாம் நாள் பேச்சு சொந்தக் கதைக்கு வந்தது. "எனக்கும் ஒரு தங்கச்சி உண்டு" என்றாள் முப்பிடாதி, டீயை ஆற்றிக்கொண்டே. "உங்க வயசுதான் இருக்கும். மூக்குக்கு மேல கோவம். வீட்டுல பால் காய்ச்சுன அன்னைக்கு ஒரு வாய் திங்காம போயிட்டா. அந்தப் புது வீட்டுல ஒவ்வொரு நாளும் சோறு எறக்கும்போது எனக்கு அவ நெனப்புதான் வரும் பாத்துக்கிடுங்க."

பூங்கனி ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள். "ஏன் போனாவளாம்?"

"போட்டோவுக்கு நிக்கக் கூப்புடலையாம்."

"கூப்பிட்டிருக்கலாம்லாக்கா."

"நல்லாக் கேட்டிய. வெளியாளத்தான வாங்க வாங்கன்னு கூப்பிடுவாவ? கூடப் பெறந்தவளக் கூப்பிடவா செய்வாவ? அவ பாட்டுக்கு வந்து நடுவுல நிக்க வேண்டியதுதான. நா அவளக் கூப்பிட்டிருந்தா, என்னைய அசலாளா நெனச்சிட்டாளேன்னு அதுக்கும்லா கோவிச்சிருப்பா."

பூங்கனி துடைத்த மெஷினையே மறுபடியும் துடைத்தாள். ஆறு வருஷமாக அவள் மனத்தில் எத்தனையோ விதமாக அந்த நாளைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள், இப்படி ஒரு பக்கம் இருப்பது தெரியவே தெரியாது. அடுத்த நாள் அவள் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள், ரொம்பப் பெருமைக்காரி என்றும், சின்ன வயதில் தன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் என்றும் சொல்ல, முப்பிடாதி, "அந்தக் கழுதைக்கு ஏன் இவ்வளவு வீம்பு, ஒரு எட்டு வந்து பாத்தா கொறைஞ்சா போயிருவா" என்று தன்னையே திட்டினாள். இரண்டு பேரும் அவரவர் வீட்டுச் சண்டைக்கு அடுத்த வீட்டு நியாயம் பேசிக்கொண்டிருந்தார்கள், அதைப்போல் சுகம் உலகத்தில் கிடையாது.

ஒன்பதாம் நாள் அக்கா வந்துபோன கையோடு செண்பகம் வந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண். இடுப்பில் பத்து மாதக் குழந்தை அவளிடமிருந்து நழுவப் பார்த்து, கையைக் காலை உதறி அலறிக்கொண்டிருந்தது. தாயும் பிள்ளையும் மேடையில் நின்று எடுத்த படம் கார்டில் இருந்தது. பெரியவர்களுக்கு ஒரு பேரைச் சொன்னால் மரியாதைக்காவது நம்புவார்கள், குழந்தையிடம் என்ன சொல்வது?

"ஒம்போது நாளா எங்கிட்ட பால் குடிக்கமாட்டேங்குது. புட்டிப் பாலுதான், அதையும் எங்க மாமியாதான் குடுக்காவ. எனக்கும் மொகம் தெரியல, ஆனா எம் பிள்ளன்னு தெரியுது, மாரு வலிக்குது. ஃபார்மேட் பண்ணப் போறதாச் சொல்லுதாவளே, பண்ணிருவியளாக்கா?"

பூங்கனி குழந்தையைப் பார்த்தாள். அது பயந்து பயந்து எங்கேயோ தன் அம்மாவைத் தேடியது, தேடிய கை அம்மாவையே தள்ளியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆறு நாளாக டிராயருக்குள் பூட்டி வைத்திருந்தது பென் டிரைவை அல்ல என்று பட்டது. அக்கா போனால் போகட்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, சொல்லும்போதே கண் நிறைந்துவர, டிராயரைத் திறந்து, பிலிம் சுருள்களைத் தள்ளி, பென் டிரைவை எடுத்துச் செருகினாள். "உக்காருங்க" என்றாள் செண்பகத்திடம். "இந்தத் தடவ அவசரப்பட மாட்டேன்."

பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. முதலில் வந்தது நாதஸ்வரக்காரர், திரையில் அவர் கன்னம் உப்பிய அதே நொடியில், மேலத்தெருவில் அவர் மனைவி, "ஏ, நீங்களா!" என்று கத்தியது சந்தைவரை கேட்டது. பிறகு இரண்டு, பிறகு பத்து, பிறகு பந்தி பந்தியாக. ஒவ்வொரு படம் வரும்போதும் ஊரில் ஏதோ ஒரு மூலையில் ஒரு கூவல், ஒரு சிரிப்பு, ஒரு பாத்திரம் கீழே விழுகிற சத்தம். இலைக்கு முன்னால் வேறு இடம் கிடைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த கோலத்தில் வேலாண்டியும் கோமதிநாயகமும் ஒரே படத்தில் வந்தார்கள், அங்கே டீக்கடையில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டபடியே ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டு, கையை எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து, டீ ஆறிவிடுமே என்று அதைக் குடித்து முடித்து, பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள், ஆனால் பாதியிலேயே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார்கள் முதல் தோசையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மணமக்களுக்கு இப்போதும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஒன்பது நாளில் அவர்கள் ஒன்பது தடவை காதலித்திருந்தார்கள்.

ஆயிரத்து நூற்று ஏழாவது படத்தில் செண்பகமும் குழந்தையும் வந்தார்கள். பெஞ்சில் தேம்பிக்கொண்டிருந்த குழந்தை பட்டென்று நிறுத்தியது, தலையைத் திருப்பி அம்மாவை மேலும் கீழும் பார்த்தது, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்பதுபோல் ஓங்கி ஓர் அறை கொடுத்து, அப்படியே மாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. செண்பகம் அழுதாள், பூங்கனியும் அழுதாள், டீ கொண்டுவந்த பரமசிவனும் எதற்கென்று தெரியாமல் அழுதான்.

அழுதுகொண்டே பூங்கனி ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். அக்கா வரப்போகிறாள், வந்ததும் எல்லாம் முடியப்போகிறது. மேடையில் இல்லை. பந்தியில் இருப்பாள். இல்லை. மாலை மாற்றும்போது பின்னால் நின்றாளே, அங்கே ஒரு பச்சைப் பட்டின் முந்தானை மட்டும் இருந்தது. சாயந்தரம் ஆறு மணிக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறாவது படமும் வந்து, 'முடிந்தது' என்று கம்ப்யூட்டர் சொன்னது. முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். எங்கெல்லாம் அக்கா நின்றாளோ அங்கெல்லாம் படம் ஓரடி இந்தப் பக்கம் நகர்ந்திருந்தது. இரண்டு நாளும் வீம்பு பிடித்த கை, அவளுக்கே தெரியாமல், அக்காவை வெளியே விட்டு விட்டே எடுத்திருக்கிறது. முந்நூற்று நாற்பத்தொரு முகத்தில் முப்பிடாதியின் முகம் ஒன்றுகூட இல்லை.

அப்படியென்றால் அக்கா கார்டுக்குள் போகவே இல்லை. கார்டுக்குள் மாட்டாதவர்களுக்கெல்லாம் அவளைத் தெரிந்திருந்தது, பரமசிவனுக்குச் சீனி அளவுகூடத் தெரிந்திருந்தது. அவளுக்கும் அவர்களைத் தெரிந்திருந்தது, பூங்கனியைச் சேர்த்து. முதல் நாள் படியேறி வந்து தங்கச்சி என்று கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பூங்கனி எட்டு நாளின் பேச்சையும் ஒன்றுவிடாமல் நினைத்துப் பார்த்தாள், காது மடல்வரை சூடேறியது, அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்தது. இனி யாரும் யாரையும் தெரியாத மாதிரி வர முடியாது. பூங்கனி பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே முக்கால் ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பதினொன்று பத்தும் ஆயிற்று. 

பதினொன்றேகாலுக்கு முப்பிடாதி வந்தாள். கையில் கரண்ட் பில் இருந்தது. வாசலிலேயே நின்றாள்.

"கார்டு சரியாப் போச்சாமே."

"ஆமா."

"எல்லாரும் இருந்தாவளா?"

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு படமும் ரெண்டு தடவ பாத்துட்டேன். ஒருத்தர் மட்டும் இல்ல."

முப்பிடாதி கரண்ட் பில்லை நாலாக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள். "அது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்லா" என்றாள். "எம் பக்கம் வரும்போதெல்லாம் கேமராவத் திருப்பிக்கிட்டா, எனக்கென்ன கண்ணு இல்லையா?"

பூங்கனி அவளை வாங்க என்று கூப்பிடவில்லை, உட்காருங்க என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாசலில் நின்ற அக்கா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள், நேரே உள்ளே வந்தாள்.

"எட்டு நாளா நீங்க வாங்கன்னு பேசிப் பேசி எனக்கு நாக்கு சுளுக்கிக்கிடுச்சு" என்றாள். "ஏட்டி, தள்ளி உக்காரு."

பூங்கனி தள்ளி உட்கார்ந்தாள்.